பட்டர்பரின் விடுதி

ஃபேன்டஸி கதையில் விடுதி எப்போது வரும் என்று காத்திருந்து படிக்கிறவன் நான். வாள்சண்டைப் பக்கங்கள் வேகமாகப் போய்விடும். விடுதி வந்துவிட்டால் வரிக்கு வரி நின்றுதான் போவேன். கணப்பு எங்கே இருக்கிறது, ராத்திரிக்கு என்ன சாப்பாடு, குதிரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது, 1954இல் வெளிவந்த, டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் முதல் பாகத்தில், பிரீ என்ற ஊரில் வரும் 'பிரான்சிங் போனி' விடுதி. இரண்டு பழைய சாலைகள் சந்திக்கும் ஊர் அது. மூன்றடுக்குக் கட்டடம், வாசல் வளைவுக்கு மேல் ஒரு விளக்கு, பெயர்ப்பலகையில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் கொழுத்த வெள்ளைக் குதிரை. கறுப்புக் குதிரை வீரர்கள் துரத்த, ஃப்ரோடோ என்ற ஹாபிட்டும் சாம் முதலிய தோழர்களும் இருட்டிய பிறகு அங்கே வந்து சேர்கிறார்கள். அத்தனை உயரமான வீடுகளைப் பார்த்தே சாமுக்கு உள்ளுக்குள் உதறல். உள்ளே போனால் வழுக்கைத் தலையும் சிவந்த முகமுமாக, தட்டு நிறையக் கோப்பைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறார் விடுதிக்காரர் பார்லிமன் பட்டர்பர்.

ஹாபிட்டுகள் மனிதர்களைவிட உயரம் குறைந்த ஓர் இனம். அவர்களுக்கென்றே தரைத்தளத்தில், அவர்கள் ஊர் வழக்கப்படி வட்ட ஜன்னல் வைத்த தாழ்வான அறைகள் அங்கே உண்டு. நான் விழுந்தது அந்த ஜன்னலில்தான். என்றைக்கோ வரப்போகிற, முகம் தெரியாத ஒருவரின் உயரத்தை நினைத்துக் கட்டும்போதே வைத்திருக்கிறார்கள்! அப்புறம் சூடான சூப்பும் புது ரொட்டியும் வெண்ணெயும் பிளாக்பெர்ரி டார்ட்டும் வருகின்றன. சாமின் பயம் போய்விடுகிறது.

மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலையில் இருப்பதால் மாதத்தில் பாதி நாள் எனக்கு லாட்ஜ் வாசம்தான். கடைசி டாக்டரைப் பார்த்து முடித்து, சாம்பிள் பையோடு ரிசப்ஷனில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது, "சாப்டீங்களா சார்? பக்கத்து மெஸ் பத்தரை வரைக்கும் இருக்கும், சீக்கிரம் போங்க" என்று யாராவது சொன்னால், அன்றைய அலைச்சலில் பாதி அங்கேயே இறங்கிவிடும். அறையில் டியூப்லைட் மினுக்கினாலும் பரவாயில்லை. நாம் வந்து சேர்ந்ததை ஒருவர் கவனித்தார், அது போதும். கதைகளில் வரும் விடுதியிலும் என்னைப் பிடித்து இழுப்பது கணப்பும் சூப்பும் மட்டும் இல்லை. தன் கூரைக்குக் கீழே வந்தவன் தன் பொறுப்பு என்று நினைக்கிற அந்த ஆள்தான்.

பிரான்சிங் போனி பாதுகாப்பான இடமும் இல்லை. அந்த ராத்திரியே யாரோ ஹாபிட்டுகளின் அறை ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்து கட்டில்களைக் குத்திக் கிழித்துவிட்டுப் போகிறார்கள். நல்ல வேளையாக ஹாபிட்டுகள் வேறு அறையில் படுத்திருந்தார்கள். கட்டிலில் இருந்தவை வெறும் தலையணைகள். இப்போது 'கோஸி ஃபேன்டஸி' என்றே, பெரிய ஆபத்துகள் இல்லாத இதமான கதைகளின் வகை ஒன்று வளர்ந்திருக்கிறது. டிராவிஸ் பால்ட்ரீயின் 2022 நாவலில், போர்க்களமே வாழ்க்கையாக இருந்த ஓர்க் என்ற அரக்க இனத்துப் பெண் ஒருத்தி வாளை விட்டுவிட்டுக் காபிக்கடை திறக்கிறாள். கடையைக் கட்டி எழுப்பும் பக்கங்களை ஆசையாகப் படித்தேன். ஆனாலும் எனக்கு வெளியே இருட்டும் பயமும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் சூடு உறைக்கிறது.

விடிந்து பார்த்தால் லாயத்தில் ஒரு குதிரை கூட இல்லை. எல்லாவற்றையும் யாரோ விரட்டிவிட்டிருக்கிறார்கள். ஊரில் விலைக்குக் கிடைப்பது பில் ஃபெர்னி என்ற அயோக்கியனிடம் இருக்கும் ஒரு எலும்பும் தோலுமான மட்டக்குதிரை மட்டும். அவன் கேட்கும் 12 வெள்ளிக் காசு அதன் மதிப்பைப் போல மூன்று மடங்கு. பட்டர்பர் தன் கையிலிருந்து அதைக் கொடுக்கிறார். தொலைந்தவற்றுக்கு ஈடாக இன்னும் 18 காசும் தருகிறார். மொத்தம் 30, அவருக்கு அது பெரிய அடி. உலகத்தின் கதியே ஆட்டம் கண்டிருக்கும் நேரத்தில் டோல்கீன் நிதானமாக உட்கார்ந்து ஒரு விடுதிக்காரரின் கணக்கை எழுதுகிறார். விரட்டிய குதிரைகளில் ஹாபிட்டுகளுடையவை கடைசியில் பட்டர்பரிடமே வந்து சேர்வதையும் மறக்காமல் சொல்லிவிடுகிறார். படிக்கும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பட்டர்பர் குறையில்லாதவர் என்று சொல்லவில்லை. ஃப்ரோடோவுக்கு அனுப்பச் சொல்லி மந்திரவாதி கேண்டால்ஃப் கொடுத்த அவசரக் கடிதத்தை அனுப்ப மறந்து மாதக்கணக்கில் வைத்திருந்தவர் அவர். மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஸ்ட்ரைடர் என்ற நாடோடியை நம்பி ஃப்ரோடோ கிளம்புவதும் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

போர் முடிந்து ஹாபிட்டுகள் திரும்பி வரும்போது விடுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. வெளியூர் ஆள் வரத்தே இல்லை என்று பட்டர்பர் புலம்புகிறார். புது அரசருக்கு இந்த ஊரும் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். தூரத்துக் கோட்டையில் தங்கக் கோப்பையில் குடிக்கிறவருக்கு என் விடுதி எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று அவர் கேட்க, உங்கள் பீர் எப்போதும் நன்றாக இருக்கும் என்று அரசரே சொல்வார் என்கிறான் சாம். அப்போதும் அவருக்குப் புரியவில்லை. அந்த ஸ்ட்ரைடர்தான் அரசர் என்று சாம் உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டர்பருக்குக் கண் அகன்று வாய் பிளந்துவிடுகிறது. அரசரின் முடிசூட்டு விழாவைவிட எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும்.