லிட்டர் கணக்கு

ஏப்ரல் 6, திங்கள்

அப்பாவின் எடை 60.4. நாளை டயாலிசிஸ், அதற்குள் குடிக்கிற தண்ணீரில் இன்னும் ஏறும். அம்மா சொம்பை ஒளித்து வைக்கிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

டயாலிசிஸ் நடந்த நாலு மணி நேரமும் போனில் சீஸ் அழுத்தும் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் எட்டிப் பார்த்து, "எண்ணெய்ச் செக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 8, புதன்

படத்தை அப்பாவிடம் காட்டினேன். பொங்கலிலிருந்து எதற்கும் 'ம்' மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "போல்ட் எங்க போடப்போற?" என்றார்.

அவ்வளவுதான், ராத்திரி பத்து மணி வரை அதே பேச்சு. தினசரிக் காலண்டர் தாளின் முதுகில் கோடு போட்டார். ஒரு நட்டுக்குத்துக் கட்டை. அதில் துளை, துளையில் போல்ட், போல்ட்டில் ஆடும் ஒரு சட்டம். போல்ட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி டப்பா, 60 செ.மீ. தள்ளி எடை. "நாலு மடங்கு, பாப்பா. அஞ்சு கிலோ தொங்கவிட்டா இருபது கிலோ அமுங்கும்." ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்த குரல் அது. ரொம்ப நாள் கழித்துக் கேட்கிறேன்.

எடைக்கு என்ன என்று கேட்டேன். அம்மிக்குழவி, செங்கல், டம்பெல் எல்லாம் வேண்டாமாம். வாசலில் நிற்கும் தண்ணீர் கேனைக் காட்டினார். ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு கிலோ. வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

போனோம். வந்தோம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான அழைப்பு எதுவும் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மொட்டைமாடியில் கிடந்த கட்டிலின் தேக்குச் சட்டம், பெரம்பூர் நெடுஞ்சாலைக் கடையில் 12 மி.மீ. போல்ட், கீழ்வீட்டில் கடன் வாங்கிய டிரில்லிங் மெஷின். அப்பா நாற்காலியில் இருந்து உத்தரவு. இடது கையால் எதையும் தூக்கக்கூடாது. நடுவில் மறந்துபோய்ச் சட்டத்தைப் பிடிக்க அந்தக் கையை நீட்டினார். நான் கத்திவிட்டேன். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த கை, தொட்டால் உள்ளே உறுமும். அவர் தூங்கும்போது அம்மா விரல் வைத்துப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

எவர்சில்வர் டப்பாவுக்கு உள்ளேயிருந்து வெளியே துளை போடச் சொன்னார். பிசிறு வெளிப்பக்கம் நிற்குமாம், துணி கிழியாது. எனக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்றும் சொன்னார். செய்முறைகளில் "10 கிலோ, 20 கிலோ" என்று போட்டிருக்கிறார்களே, டப்பா எவ்வளவு அகலம் என்று ஏன் ஒருத்தரும் எழுதவில்லை? 15 செ.மீ. விட்டத்துக்கு 177 சதுர செ.மீ. பரப்பு. 10 செ.மீ. என்றால் 79தான். அதே இருபது கிலோ இங்கே ஒரு அழுத்தம், அங்கே இரண்டு மடங்குக்கும் மேல்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆவின் அரை லிட்டர் பாக்கெட் இருபது. கால்சியம் குளோரைடு, நம் வீட்டுத் தயிர், பாலை உறையவைக்கும் சைவ ரென்னெட். பாலை 32 டிகிரியில் 45 நிமிஷம் வைக்க வேண்டும், குளிர் தேசத்துக்காரர்கள் பாத்திரத்துக்குப் போர்வை போர்த்துகிறார்கள். இங்கே அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். சென்னைக்கு இப்படியாவது ஒரு லாபம்.

உறைந்த கட்டி, கத்தி விட்டதும் தெளிவாகப் பிளந்தது. கையில் உதறல். அம்மா, "பத்து லிட்டர் பாலுக்குத் திரட்டுப்பால் கிண்டியிருந்தா தெருவுக்கே குடுத்திருக்கலாம்" என்றாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. எனக்கு அவசரம். முழுக் கேனையும் எடுத்து மாட்டினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கெட்டுப்போயிற்று. வெளியே பளபளவென்று தோல், குறுக்கே வெட்டினால் உள்ளே சொதசொத, புளித்த தண்ணீர். எடுத்த எடுப்பில் 80 கிலோவுக்கு மேல் வைத்திருக்கிறேன். மேல்பக்கம் மூடிக்கொண்டுவிட்டது. உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வழியில்லை.

அப்பா திட்டவில்லை. கையில் ஒரு துண்டை உருட்டிப் பார்த்து, "என்ன அவசரம் உனக்கு?" என்றார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. லீவு கிடையாது. காலையில் 61.3. மாங்காய்ப் பச்சடியை நாக்கில் தொட்டு வைத்தாள் அம்மா.

அப்பாவின் உடம்பிலிருந்து மூன்றே கால் லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். மூன்றாவது மணியில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, பிரஷர் சடாரென்று இறங்கிவிட்டது. மெஷினில் வேகத்தைக் குறைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். நான் காலை நீவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றே மோர் குடித்திருக்கிறார். ஒன்றல்ல, மூன்று டம்ளர். சொம்பு இருக்கும் இடம் அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 15, புதன்

நானும் அவரும் பேசவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

"பாலுக்குச் சொல்லிட்டியா?" என்று அவராகக் கேட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முதலில் அழுத்தத்தை அளக்க வேண்டும் என்றார். டப்பா இருக்கும் இடத்தில் எடை மெஷினை வை. அவர் தினமும் காலையில் ஏறி நிற்கிற அதே மெஷின். வைத்தேன். காலிக் கேனுக்கே 7 காட்டியது! சட்டத்தின் கனத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பிறகு ஒவ்வொரு லிட்டருக்கும் நான்கு நான்காக ஏறியது: 11, 15, 19. அப்பா சிரித்தார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

தயிர்க்கட்டியைச் சின்னதாக வெட்டி, மெதுவாக 38 டிகிரி வரை ஏற்றி, வடித்து, நூற்றுக்கு இரண்டு என்று உப்புப் போட்டேன். உப்பு ஜாடியைத் தேடினால் பரணில் இருக்கிறது.

அப்பாவின் பழைய வேட்டித் துணி சுற்றி, காலிக் கேனோடு கால் மணி. வடிந்தது மழைத்தூறல் மாதிரி, மஞ்சளாக. எடுத்துத் திருப்பி, துணி மடிப்பை நீவி, ஒரு லிட்டர். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு. ராத்திரிக்கு நாலு. வடிந்ததையெல்லாம் அம்மா சப்பாத்தி மாவுக்கு எடுத்து வைத்தாள். அப்பாவுக்கு அந்தச் சப்பாத்தி கிடையாது.

2.10க்குத் திருப்பிப்போட எழுந்தேன். விழித்துக்கொண்டிருந்தார். "சத்தம் நின்னுடுச்சா?" சொட்டும் சத்தம். நின்றுவிட்டது என்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஒரு கிலோ 60 கிராம். பாளம் இல்லை, பிளவு இல்லை. எறும்புக்காகத் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் நிறுத்தி ஃபேனடியில் வைத்திருக்கிறேன்.

அப்பா மணிக்கட்டை மடக்கி, சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நாலு பக்கமும் தட்டிக் காது கொடுத்தார். "உள்ள காலியில்ல." ஓரத்தில் உதிர்ந்த ஒரு துணுக்கை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகர்ந்துவிட்டு என் கையில் வைத்தார்.

ஏப்ரல் 22, புதன்

பழைய ஃபிரிட்ஜில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டி 12 டிகிரிக்கு வைத்தாயிற்று. ஈரத்துணியோடு மூடிய டப்பாவுக்குள் சீஸ். இரண்டு மாசம். மூடிமேல் ஜூன் 22 என்று எழுதச் சொன்னார், எழுதினேன். அம்மா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 23, வியாழன்

60.1. அழைப்பு இல்லை.

ஏப்ரல் 25, சனி

போன் அடித்தது. கேன் போடுகிற பையன். காலிக் கேன் ஒன்று குறைகிறதாம். கொடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் 16 ஆகியிருக்கிறது. திறந்து பார்க்காதே என்கிறார் அப்பா. விசிறிக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறோம்.