ஒரு பத்தியின் முதன்மை முடிவு, அதாவது அதில் உள்ள காரணங்கள் எல்லாம் தாங்கி நிற்கும் கருத்து, எந்த வரியில் இருக்கிறது?

“ஆகவே” என்று தொடங்கும் வரியைப் பார்த்ததும், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் (LSAT) தேர்வுக்கு என்னிடம் பயிலும் மாணவி தயங்காமல் அதன்கீழ்க் கோடிட்டாள்.

கேள்விப் பத்தி இதுதான்: “மின்சாரப் பேருந்துகளால் செலவு கூடும் என்கிறார்கள் சிலர். அக்கருத்து தவறு. அவற்றின் பராமரிப்புச் செலவு குறைவு. ஆகவே நாளடைவில் பணம் மிச்சமாகும்.”

பணம் மிச்சமாகும் என்பதும் ஒரு முடிவுதான். பராமரிப்புச் செலவு அதைத் தாங்குகிறது. ஆனால் அந்த முடிவே மேலே உள்ள “அக்கருத்து தவறு” என்ற இரண்டு சொல் வாக்கியத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பதால், அது துணை முடிவு மட்டுமே.

“அக்கருத்து தவறு, ஏன்?” என்று கேட்கச் சொன்னேன். பணம் மிச்சமாகும் என்று விடை வந்தது. “பணம் மிச்சமாகும், ஏன்?” என்று திருப்பிக் கேட்டால், “அக்கருத்து தவறு” என்பது அதற்கு விடையாகவில்லை. அவள் முகம் மலர்ந்ததைக் கண்டு எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி.

2024 ஆகஸ்ட் முதல் எல்சாட் தேர்வில் மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கப் பகுதிகளே என்பதால், இந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

விடைத் தெரிவுகளில் துணை முடிவு பெரும்பாலும் பத்தியின் சொற்களிலேயே வந்து நம்மை ஈர்க்கும். சரியான விடையோ, “அக்கருத்து” எதைக் குறிக்கிறது என்பதை விரித்து, “மின்சாரப் பேருந்துகளால் செலவு கூடும் என்பது சரியல்ல” என்று வேறு சொற்களில் இருக்கும்.