முறைப்பாடு ஏதும் உண்டா

2024 இல் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு நான் போனது மகனுக்காக வைத்திருந்த நேர்த்தியைத் தீர்க்க. பானை இறக்கிப் படைத்து முடிக்கச் சாமம் தாண்டிவிட்டது. பிள்ளைக்கு நித்திரை தூங்கியது. "நான் முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அக்கா" என்று தம்பி தன்னுடைய காரில் அவனை ஏற்றினான். நான் அயலவர்களின் வானில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டேன்.

விடியப்புறம் தொலைபேசி அடித்தது. "அக்கா, பிள்ளை கதைக்கிறான்." தம்பியின் முதல் வார்த்தை அதுதான். சுகமாக இருக்கிற பிள்ளையைப் பற்றி யாராவது அப்படிச் சொல்வார்களா? அடுத்த வசனம் வருமுன்பே எனக்குக் கால்கள் ஓய்ந்துவிட்டன.

விசுவமடு தாண்டியதும் வீதியில் மாடுகள் படுத்திருந்திருக்கின்றன. இரவில் தாரில் சூடு கிடக்கும், அவை வந்து படுக்கும். வன்னியில் வாகனம் ஓட்டுகிற எவருக்கும் இது தெரியும். தம்பி வெட்டித் திருப்ப, கார் மதகுக் கட்டில் மோதி வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. எங்கள் வான் அந்த இடத்தை அடைவதற்குள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிப் போயிருந்தது. மாடொன்று மட்டும் வீதியோரம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாட்டுக்குச் சொந்தக்காரர் இன்றுவரை யாரென்று தெரியாது. இனித் தெரியவும் வராது.

தலையில் அடி என்பதால் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். ஸ்கானில் மூளைக்குள் இரத்தக்கசிவு இல்லை. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். இடத் தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே கன்றிப்போன பட்டை ஒன்று ஓடியது. என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். "பெல்ட் போட்ட தழும்பு, அம்மா. அது பிடித்திராவிட்டால் பிள்ளை கண்ணாடியில் போய் அடித்திருப்பான்" என்றார் வைத்தியர்.

முதல் நாள் முழுவதும் தாதி அடிக்கடி வந்து கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். பெயர் கேட்டார், கிழமை கேட்டார். அவன் "ஞாயிறு" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு யோசித்தால் என்ன கிழமை என்று எனக்கும் தெரியவில்லை.

பின்னேரம் விடுதியில் சொன்னார்கள்: இது ஆண்கள் விடுதி, இரவில் பெண்கள் நிற்க முடியாது, ஆண்கள் யாரையாவது விடுங்கள். பதினைந்து வயது என்றால் பிள்ளைகளின் விடுதியில் சேர்க்க மாட்டார்களாம். எங்களுக்கு ஆண் துணை என்று யார் இருக்கிறார்கள்? அவனுடைய அப்பா 2009 இல், இறுதிப் போரில், மாத்தளனில் ஷெல் பட்டு இறந்தார். அப்போது மகனுக்கு ஏழு மாதம். எஞ்சியிருப்பது தம்பி ஒருவன்தான். நெற்றியில் ஆறு தையலோடு வெளியே வாங்கில் குந்தியிருந்தான். காலையிலிருந்து நான் அவனுடன் ஒரு சொல் கதைக்கவில்லை. கதைத்தால் என்ன வாயில் வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் அவனுடைய கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வந்தேன். எட்டு இரவுகளும் அவன்தான் நின்றான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். "அம்மாள்தான் காப்பாற்றினாள்" என்றார்கள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள், அவளுடைய வாசலில் நான் நிற்கும்போதுதானே இது நடந்தது என்று கொதித்தது. கடல் நீரில் விளக்கெரிகிற கோவிலில் ஒரு மாட்டை எழுப்பிவிட முடியவில்லையா? கண்ணகியிடம் கோபிக்கலாம், கோபம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பொலிஸில் வாக்குமூலம். தம்பியை ஊதச் சொல்லி ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், குடித்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "சாரதிக்கு எதிராக முறைப்பாடு ஏதும் உண்டா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். போரின் கடைசியில் வட்டுவாகல் பாலத்தால் வெளியேறி வந்த நாள் ஞாபகம் வந்தது. தம்பிக்கு அப்போது பதினேழு வயது. என் கைகள் விட்டுப்போய், பிள்ளையை அவன்தான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அதை நினைத்ததும் கோபம் ஆறிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆறவில்லை. "இல்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் மகன் தானாகச் சொன்னான்: "பெல்ட் இறுக்குகிறது என்று கழற்றப் பார்த்தேன், அம்மா. மாமா ஏசினார்." மாமா போட்டிருந்தாரா என்று கேட்டேன். இல்லையாம்.

வெளியே போனேன். தம்பி வாங்கில் இருந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, "தேத்தண்ணி குடித்தாயா?" என்று கேட்டேன். அவன் அழத் தொடங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் செய்ய ஏதாவது இருந்துகொண்டே இருந்தது: கிளினிக் கொப்பி, காப்புறுதிக்குப் பொலிஸ் அறிக்கையின் பிரதி, ஊன்றுகோல். வீட்டில் இரவு மட்டும்தான். எழும்பிப் போய் அவனுடைய மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். பங்கருக்குள் செய்த வேலை. பதினைந்து வருடங்களாக மறந்திருந்த கை அதைத் தானாகச் செய்தது. ஒருநாள் அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "மூச்சு வருகிறது, போய்ப் படுங்கள்."

கிளினிக்கில் ஒரு தாதியிடம் இதைச் சொல்லப்போய், அவர் என்னை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். ஊரில் அந்தக் கதவைத் திறப்பவரை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். நான் ஐந்து தடவை போனேன். மகனைப் பற்றிக் கதைக்கப் போய், பெரும்பாலும் மாத்தளனைப் பற்றித்தான் கதைத்தேன்.

அடுத்த வருடப் பொங்கலுக்குத் தம்பி கார் கொண்டுவந்தான். மகன் முன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டான், மாமாவையும் போட வைத்தான். நான் பின்னால் இருந்தேன். திரும்பி வரும்போது விசுவமடுவரை படுத்திருந்த மாடுகளை எண்ணினேன். பதினான்கு. தம்பி மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடியே இருந்தான்.