நேர் ரெண்டு, புறம் ரெண்டு: தரங்கம்பாடியில் ஒரு பின்னல் புத்தக வாசிப்பு

பின்னல் புத்தகம் எழுதினவர் ஒருத்தர் வந்து அதை வாசிக்கப்போகிறார், அதுவும் சர்ச்சுக்குள்ளே, நீயும் வாயேன் என்று எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கதை வாசிக்கலாம், கவிதை வாசிக்கலாம். "72 கண்ணி ஏற்றவும், நேர் இரண்டு, புறம் இரண்டு" என்பதை மைக்கில் எப்படி வாசிப்பது? "வந்து பாருடி, சும்மா பேசாதே" என்றார். சனிக்கிழமை, வீட்டில் இட்லி மாவு இருந்தது, கிளம்பிவிட்டேன்.

எனக்கு உல்லன் பின்னல் ஹாஸ்டலில் ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்தது. நிட், பர்ல் என்று இரண்டே விதப் பின்னல். அப்புறம் வயர் கூடைப் பக்கம் போய்விட்டேன். கும்பகோணத்து வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்? ஆனால் அக்காவின் சபையில் பெண்கள் சங்கத்தார் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குல்லா பின்னிக் கொடுக்கிறார்கள். பச்சைக்குழந்தைக்கு உடம்பு அளவுக்குத் தலை பெரிசு, சூடு அது வழியாகப் போய்விடும், சித்திரையில் பிறந்தாலும் குல்லா வேண்டும். அதற்குப் பருத்தி நூல் போதும். போன வருடத்திலிருந்து நானும் அதில் ஒட்டிக்கொண்டேன்.

மயிலாடுதுறையில் பஸ் மாறினோம். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே ஓடியது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். திருக்கடையூர் வரை நின்றுகொண்டுதான் போனோம், அங்கே அறுபதாம் கல்யாணக் கூட்டம் மாலையும் பழத்தட்டுமாக இறங்கின பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடியும் வந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டதால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டின புது எருசலேம் ஆலயத்தைப் பார்த்தோம். முகப்பில் கிரீடமும் டென்மார்க் ராஜாவின் முத்திரையும் 1718 என்ற வருடமும் இருக்கின்றன. சீகன்பால்கு கல்லறையும் உள்ளேயே. அக்கா ஒரு விஷயம் சொன்னார். ஜெர்மனியிலிருந்து முதலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் ரொம்பப் பெரிசாம், அதை வைத்து அடித்தால் காகிதம் பத்தாது என்று இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துத்தான் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்களாம். காகிதம் செய்யப் பட்டறை போட்ட இடத்துக்குப் பொறையாறு பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்றே பெயர்.

கூட்டம் நடந்தது அங்கே இல்லை, பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஆலயத்தில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஐயர் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்" என்றார்கள். கும்பகோணத்துக்காரிக்கு ஐயர் என்றால் வேறு ஞாபகம்தானே வரும். லுத்தரன்காரர்கள் போதகரை அப்படித்தான் சொல்வார்கள் என்று அக்கா காதைக் கடித்தார். ஐயர் வந்து சின்னதாக ஜெபம் பண்ணினார். எல்லோரும் கண்ணை மூடியிருந்த அந்த நேரம் பார்த்து என் மடியிலிருந்து ஒரு பின்னல் ஊசி நழுவிக் கல்தரையில் விழுந்தது. அலுமினிய ஊசி. கோயில் மணி கெட்டது, அப்படி ஒரு சத்தம். உருண்டு முன்பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. முன்னால் இருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே கைத்தடியால் அதை இழுத்து, ஆமென் சொல்லிவிட்டு, "இந்தாம்மா" என்று நீட்டினார். இதுமாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து மூங்கில் ஊசி கொண்டுபோங்கள்.

எழுத்தாளர் கொடைக்கானலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர், அறுபதைத் தாண்டியவர். நேராக வாசிக்க ஆரம்பிக்கவில்லை. தமிழில் எழுத உட்கார்ந்தபோது வார்த்தைதான் இல்லை என்றார். நிட்டை நேர் என்றும், அதன் முதுகுப்பக்கமான பர்லைப் புறம் என்றும் வைத்துக்கொண்டாராம். ஸ்டிச்சுக்குத் தையல் என்றால் துணி தைப்பதாகிவிடும், அதனால் கண்ணி என்று போட்டேன் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்தார், மீன்காரர் வீடு. "கண்ணின்னா குருவி புடிக்கிறதுங்க. வலையில நாங்க கண்ணுன்னுதான் சொல்லுவோம். பெரிய கண்ணு, சின்னக் கண்ணு." அரை நிமிடம் சத்தமே இல்லை. எழுத்தாளர் பேனாவை எடுத்துத் தன் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டார். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

அப்புறம்தான் வாசிப்பு, அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் பின்ன வேண்டும். குல்லாவின் விளிம்பு. 4 எம்எம் ஊசி, 72 கண். 72 நாலால் வகுபடும் என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வரிசை நேர் இரண்டில் ஆரம்பித்துப் புறம் இரண்டில்தான் முடியும். அவர் "நேர் ரெண்டு" என்றார், யாரோ தன்னையறியாமல் "புறம் ரெண்டு" என்றார்கள். பைபிளில் இருக்கும் சங்கீதப் பகுதியை ஐயர் ஒரு வசனமும் சபை ஒரு வசனமுமாக வாசிக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, அதே குரலில் மொத்த ஆலயமும் பிடித்துக்கொண்டது. நேர் ரெண்டு. புறம் ரெண்டு. நடுவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது, மைக்கும் போயிற்று, யாரும் நிறுத்தவில்லை. விரல் வியர்த்து நூல் ஒட்டுகிறது, ஆனாலும் தாளம் விடவில்லை. அவர்கள் வரிசையை முடித்துத் திருப்பும்போது எனக்கு மட்டும் ஒரு கண் மிச்சம் இருந்தது. அவர்கள்தான் வேகமாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்து வாங்க நின்ற வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, ஏனென்றால் அவர் புத்தகத்தை விட்டுவிட்டு ஒவ்வொருவர் கையில் இருப்பதையும் வாங்கிப் பார்த்தார். என் முறை வந்தது. கட்டைவிரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார்.

"73 இருக்கேம்மா."

வரிசையைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் இழுத்திருக்கிறேன், முதல் கண் இரண்டு கால் விரித்து இரண்டு கண் மாதிரித் தெரிந்திருக்கிறது, நானும் இரண்டையும் பின்னியிருக்கிறேன். ஓரத்தில் நூலைக் கீழேயே விட வேண்டும், அவ்வளவுதான். ஹாஸ்டல் நாளிலிருந்து என் பின்னல் ஏன் போகப்போக அகலமாகிறது என்று எனக்குத் தெரியவே இல்லை, நூல் தரம் சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் என் பெயரை எழுதிக் கீழே 72 என்று போட்டு அடிக்கோடிட்டுக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் செம்பனார்கோயில் வருவதற்குள் ஆறு வரிசையைப் பிரித்துவிட்டேன். அக்கா நூலைச் சுற்றிக்கொண்டே வந்தார்.