மேசையில் வைத்த சர்க்கரைப் பொங்கல்

தைப்பூசத்தன்று பக்கத்து வீட்டு அத்தை எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவார். பினாங்கில் ஜெலுத்தோங்கிற்குக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். போன வருடம் அன்று மாலையே எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். மீதிப் பொங்கலை யோசிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன்.

எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அக்கா மட்டும் தட்டைத் தொடவில்லை.

"இது படைச்சதா தம்பி?"

"ஆமாக்கா. விக்கிரகம் ஒன்னுமில்லன்னு வேதத்துல பவுலே சொல்லியிருக்காரே" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை, பவுல் எழுதிய ரோமர் 14ஆம் அதிகாரம் வரை பேசிக்கொண்டே போனேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. கிறிஸ்து கொடுத்த சுயாதீனத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? போதகரிடம் முறையிட்டேன். 1 கொரிந்தியர் 10-ஐ 25ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசிக்கச் சொன்னார். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம், அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதிருங்கள் என்று அடுத்தே வருகிறது. அதை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அக்கா எழுப்பிய பேச்சும் அதுதானே!

காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. ஆயர் ஈத்தாம் பகுதியில் இருக்கும் அக்காவின் பிளாட்டுக்குத் தனியாகப் போனேன். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியாகணும்னு சின்ன வயசுலேர்ந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவ நான். அந்த நெய் வாசம் வந்தாலே மனசு அங்க போயிடுது தம்பி."

விசுவாசத்தில் பலவீனர் என்று அவரை மனதுக்குள் எடைபோட்டிருந்தேன். சொந்தபந்தங்கள் அத்தனை பேரையும் எதிர்த்து ஞானஸ்நானம் எடுத்தவர் அவர். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன், எதையும் இழந்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார், அத்தை வீட்டில் நான் சாப்பிடுவது பாவம் என்று சபையில் சிலரிடம் சொல்லியிருந்தாராம். ரோமர் 14:3 இரண்டு பக்கத்துக்கும்தான் பேசுகிறது: சாப்பிடுகிறவன் அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது.

இந்தத் தைப்பூசத்துக்கு அத்தை வீட்டுக்கே போய், அவர் அடுப்படியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வார ஜெபக் கூட்டத்துக்கு அக்கா ஒரு பெரிய டப்பா நிறைய மீஹூன் (அரிசிச் சேமியா) பிரட்டிக் கொண்டுவந்தார்.