வாங்காத கவர்

பெங்களூரு மேயோ ஹால் கோர்ட்டில் பத்தொன்பது வருடமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். எங்கள் வக்கீலிடம் வருபவர்கள் பெரும்பாலும் கடன் கொடுத்த பணம் திரும்ப வராமல் தவிப்பவர்கள். காலையில் கோர்ட் சேவகரான டவாலி வாசலில் நின்று பிரதிவாதியின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். யாரும் வரவில்லையென்றால் கேஸ் கட்டின் மேல் ‘எக்ஸ்பார்ட்டி’, அதாவது எதிராளி வரவில்லை, என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் வாதி ஒரு பிரமாண வாக்குமூலமும் புரோநோட்டும் தாக்கல் செய்வார். குறுக்கு விசாரணைக்கு எதிரில் ஆள் கிடையாது. பெரும்பாலும் கேட்ட தொகைக்கே டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு, ஆகிவிடும். சீக்கிரம் வேலை முடிந்தது என்று நானும் சந்தோஷமாக டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

ஜப்திக்குக் கோர்ட் ஊழியரான அமீனாவோடு வீடு காட்டப் போன ஒரு நாளைக்கு அப்புறம் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

அல்சூரில் ஒரு சந்து. முன்னறையில் தையல் மெஷின், பின்னால் குடித்தனம். நம்ம ஆட்கள்தான், வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்பா காலத்திலேயே வந்தவர்கள். அமீனா வாரண்டைக் காட்டியதும் டெய்லருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. “நான் அந்தக் கவரை வாங்கவே இல்லையேண்ணா. வாங்காம எப்படிக் கேஸு நடக்கும்?” என்று என்னைக் கேட்டார். தபால்காரர் இரண்டு முறை கொண்டுவந்திருக்கிறார். கவரின் மேல் கன்னடத்தில் எழுதியிருந்தது. அவருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, கோர்ட் நோட்டீஸ், கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வாய் என்று சொல்லியிருக்கிறார். இவரும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த ஒரு நம்பிக்கை எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். சம்மனை வாங்க மறுத்தால், வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஆளே இல்லையென்றால் கதவில் ஒட்டலாம், கோர்ட் அனுமதித்தால் பேப்பரில் விளம்பரம் போடலாம். எப்படியும் கேஸ் நடக்கும், நம் பேச்சு மட்டும் அதில் இருக்காது.

அவருடைய மனைவி மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார். “அதைத் தொட மாட்டோம்மா” என்றார் அமீனா. தொழில் செய்பவரின் கருவி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, இவற்றையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அமீனா அதன் நம்பரை எழுதும்போதுதான் அந்த அம்மா உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. மாதாமாதம் கட்டியது தேதியோடு தமிழில் எழுதியிருந்தது. சில வரிகளுக்கு எதிரே பணம் வாங்கியவரின் கையெழுத்து. கூட்டினால் 41,500 ரூபாய். வாங்கியது 1,20,000. எங்கள் பிராதிலோ முழுத் தொகையும் அதற்கு வட்டியும் கேட்டிருந்தோம். அதை டைப் அடித்தவன் நான். கட்சிக்காரர் சொன்ன கணக்கு அது, கட்டியதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. இந்த நோட்டைக் கொண்டுவந்து அன்றைக்குக் கோர்ட்டில் நின்றிருந்தால் கதையே வேறு.

டிகிரி ஆகிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி அதே சட்டத்தின் 9-ஆவது கட்டளை 13-ஆவது விதியில் மனுப் போட முப்பது நாள்தான் கெடு. சம்மன் சரியாகவே வந்து சேராதவர்களுக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்த முப்பது நாள் ஓடும். இவர் ‘மறுத்தவர்’ ஆயிற்றே, டிகிரி ஆன நாளிலிருந்தே கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், அதை நாங்களே எதிர்ப்போம். டிகிரிப் பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனு நடக்கும் இடத்தில் நோட்டைக் காட்டிப் பயனில்லை. டிகிரி சரியா தப்பா என்று அங்கே கிளற முடியாது. டிகிரிக்கோ பன்னிரண்டு வருடம் உயிர் உண்டு.

எனக்கு ரொம்ப வலித்தது இன்னொன்று. கடன் உண்மைதான், மொத்தமாகக் கட்ட முடியவில்லை என்று தீர்ப்புக்கு முன்னால் வந்து சொன்னால், தவணை போட்டுக் கொடுக்கக் கோர்ட்டுக்கே அதிகாரம் இருக்கிறது. தீர்ப்பு ஆன பிறகு கடன் கொடுத்தவர் சம்மதித்தால்தான் தவணை. ஆக, வாதாட ஒன்றுமே இல்லாதவன்கூட வாய்தாவுக்கு வந்து நிற்க வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவென்று பார்க்காமலே அங்கே இலவசம். இதை யார் அந்தச் சந்தில் போய்ச் சொன்னார்கள்?

“ஜெயிலுக்கு அனுப்புவாங்களாண்ணா?” என்று கடைசியாகக் கேட்டார். வசதி இருந்தும் ஏமாற்றுகிறவனைத்தான் உள்ளே வைக்கலாம், வெறும் ஏழ்மைக்குச் சிறை கிடையாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொன்னேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வக்கீலிடம் அந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கட்சிக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். நோட்டுக் கணக்கைக் கழிக்கக் கட்சிக்காரர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், தவணைக்குச் சம்மதித்தார், ஸ்கூட்டரை விட்டார். 41,500 போனது போனதுதான்.

இப்போது மாதம் பிறந்தால் டெய்லர் எங்கள் ஆபீசுக்கு வருகிறார். ரசீது கொடுத்தாலும் போதாது. அதே நோட்டை விரித்து, தொகையையும் தேதியையும் எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார்.