படகுத்துறையில் ஒரு புதன்கிழமை

2025 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து 80 வருடம் நிறைந்த காலையில் பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்றிருந்தேன். தைப்பூசத்துக்கும் கல்யாணங்களுக்கும் கிள்ளானிலிருந்து எத்தனையோ முறை பினாங்கு வந்திருக்கிறேன். இந்த முறை வந்தது அப்துல் ரசாக்குக்காக.

பினாங்கில் பிறந்தவர். ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலிருந்து ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்பட்ட மாணவர்களில் ஒருவர். குண்டு விழுந்தபோது ஹிரோஷிமாவில் மலாயா பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். நிக் யூசோப் பிழைக்கவில்லை. சையத் ஒமார் அடுத்த மாதம் கியோட்டோவில் இறந்தார். அவர் சமாதி இன்றும் அங்கேதான். ரசாக் இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிரோடு வந்தார். ஊர் திரும்பி, ஆசிரியராகி, 2013இல் 88 வயதில் காலமானார். அவர் பிறந்த தீவை இந்த நாளில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

படகு கிளம்பியது. 1914 அக்டோபரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது இந்தத் தண்ணீரில்தான். அதற்கு முந்தைய மாதம் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். யாரோ இருவர் சண்டை, நம் துறைமுகம்.

கடைத்தெருவில் பசியாற உட்கார்ந்தேன். எதிரே எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல் இல்லை. ஆஸ்திரேலியர்கள் இருந்த காலத்தில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் சமையல்கட்டு வேலை பார்த்தவராம். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"எந்த விமானம் எதைத் தூக்கிட்டு வருதுன்னு எங்களுக்கு யாரு தம்பி சொல்லுவா? சோறு ஆக்குன்னா ஆக்குவோம்."

இன்றைக்கும் நிலைமை அதிகம் மாறவில்லை, ஐயா என்றேன். தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் ஒப்பந்தம் 1995 டிசம்பரில் பாங்காக்கில் கையெழுத்தாகி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியானில் இருந்த பத்து நாடுகளும் அதில் இருந்தன. ஆனால் துறைமுகத்துக்கு வரும் அந்நியப் போர்க்கப்பலை விடுவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் முடிவு. அமெரிக்காவோ, எந்தக் கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறது என்று உறுதிசெய்யவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்கிறது. இந்த ஒப்பந்தத்தோடு ஒரு நெறிமுறையும் உண்டு: அணு ஆயுத வல்லரசுகள் ஐந்தும் (அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா) இந்த மண்டலத்தின் மேல் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். மண்டலத்துக்குள் கடற்பரப்பும் அடக்கம் என்பதால் தென்சீனக் கடலும் வந்துவிடுகிறது, தகராறே அங்கேதான். 2012இல் கையெழுத்து வரைக்கும் வந்து தள்ளிப்போனது. 2025 ஜூலையில் கோலாலம்பூரில் நடந்த ஆசியான் கூட்டத்தின்போது சீனா தயார் என்று நம் வெளியுறவு அமைச்சர் சொன்னார். 2025 ஆகஸ்டில் இதை எழுதும்வரை ஐந்தில் ஒரு கையெழுத்துகூட விழவில்லை.

பெரியவர் கேட்டுக்கொண்டே தே ஓவை ஆற்றினார். "நம்ம ஆளுங்களும் வெடிச்சாங்கல்ல?"

வெடித்தார்கள். 1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு சோதித்த செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது எங்கள் வீட்டில் கைதட்டினார்கள். எனக்கு 11 வயது, நானும் தட்டினேன். மாதம் முடிவதற்குள் பாகிஸ்தானும் வெடித்தது. அங்கேயும் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஜெனிவாவில் ஆயுதக் குறைப்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும், குண்டு இருந்தால்தான் மதிப்பு என்று வீட்டுக்கு வீடு கைதட்டும்வரை எந்தத் தலைவருக்கு அதைக் கைவிடத் துணிச்சல் வரும்? அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏவத் தயாராக நிறுத்திவைக்கும் நெடுந்தூர அணுகுண்டுகளைத் தலைக்கு 1,550 என்று வரையறுத்த ஒப்பந்தத்தின் காலாவதி நாள் 2026 பிப்ரவரி 5. மலேசியா தன் பங்குக்கு, அணு ஆயுதங்களையே தடைசெய்யும் ஒப்பந்தத்தை 2020இல் ஏற்று உறுதிசெய்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் குண்டு வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் சேரவில்லை.

பெரியவர் என் பசியாறலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த பயணம் கேமரன் மலை, தானா ராத்தா. அணு வெடிப்புச் சோதனையின் துகள் காற்றில் வருகிறதா என்று பார்க்கும் உலகக் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. சோதனைத் தடை ஒப்பந்தம் 1996இல் எழுதப்பட்டது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நிலையம் மட்டும் காற்றை இழுத்து வடிகட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வர வேண்டும்.